சண்டைகள் கடந்து போகும் துறைமுகம்

முதல் நாள், ஞாயிறு

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "உள்நாட்டுப் போர் என்றால் துப்பாக்கியையும் அந்த நாட்டுக்குள்ளேயே செய்துகொள்வார்களா, டீச்சர்?" வேதாரண்யத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வரலாறு நடத்தி வரும் எனக்கு, மணி அடிக்கும் வரை அதற்கு நேரான விடை சொல்ல வரவில்லை. அக்காவைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்திருக்கும் இந்த ஐந்து நாள்களும் அந்தக் கேள்வியோடுதான் ஊரைச் சுற்றப் போகிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுவது என்பது எண்ணம்.

செங்காங்கில் ரயிலேறித் தோபி காட்டில் இறங்கினேன். ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்திலேயே, செங்கல் சிவப்பு மாறாத பத்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் மெக்டொனால்ட் ஹவுஸ். 1965 மார்ச் 10 பிற்பகல், இந்தோனேசியக் கடற்படையின் மரைன் வீரர்கள் இருவர் சாதாரண உடையில் இதனுள் நுழைந்து, வெடிகுண்டை வைத்துவிட்டு வெளியேறினார்கள். மூன்று பேர் இறந்தனர், 33 பேர் காயமடைந்தனர். இறந்தவர்களில் இருவர் இங்கிருந்த வங்கியில் வேலை பார்த்த பெண்கள். அந்த நேரத்தில் இந்தோனேசியாவுக்கும் சிங்கப்பூரை உள்ளடக்கிய மலேசியாவுக்கும் இடையில் அறிவிக்கப்பட்ட போர் எதுவும் இல்லை. "கொன்ஃப்ரொன்டாசி" என்ற பெயரில், 1963 முதல் 1966 வரை, போர் என்று ஒப்புக்கொள்ளப்படாத போர் ஒன்று போர்னியோக் காடுகளிலும் ஜொகூர்க் கரையிலும் இந்த நகரத்தின் படிக்கட்டுகளிலும் நடந்துகொண்டிருந்தது.

அதற்கான காரணத்தை ஒரே வரியில் அடக்கிவிட முடியாது. மலேசியா என்ற புதிய கூட்டமைப்பு, பிரிட்டிஷ் ஆதிக்கம் வேறு வேடத்தில் தொடர்வதற்கான சூழ்ச்சி என்று இந்தோனேசிய அதிபர் சுகர்னோ கருதினார். அது முழுவதும் பொய்யான அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் பிரிட்டிஷ் படைத்தளங்கள் இங்கேதான் இருந்தன. ஆனால் அதே வேளையில் அவருடைய நாட்டில் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. இராணுவமும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன, இரண்டையும் ஒரே திசையில் பார்க்க வைக்க எல்லைக்கு வெளியே ஓர் எதிரி தேவைப்பட்டது. உள்ளூர்ச் சிக்கலின் புகை அண்டை வீட்டில் போய்க் கிளம்பியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தப்பிச் சென்ற படகு பழுதாகி, குண்டு வைத்த இருவரும் கடலில் பிடிபட்டார்கள். தாங்கள் போர்க் கைதிகள், 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை தங்களைக் காக்க வேண்டும் என்று அவர்கள் தரப்பு வாதம் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற இறுதி மேல்முறையீட்டு மன்றம் வரை சென்றது. சீருடை இல்லாமல் வந்து பொதுமக்கள் கட்டடத்தில் குண்டு வைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1968 அக்டோபர் 17 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது, இருவரும் தேசிய வீரர்களாக அடக்கம் செய்யப்பட்டனர். 1973இல் அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்றபோது அந்தக் கல்லறைகளில் மலர் தூவினார், உறவு சீரானது. ஆனால் 2014இல் இந்தோனேசியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவ்விருவரின் பெயரைச் சூட்டியபோது, அரை நூற்றாண்டுக்கு முந்தைய காயம் ஒரே நாளில் பச்சையானது. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணத்துக்கு அப்பால், அதே இரண்டு மனிதர்கள் தியாகிகள்.

எதிரே தோபி காட் பசுந்திடலில் 2015இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் இருக்கிறது. கடைகளுக்குப் போகும் கூட்டம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் அரை மணி நேரம் நின்றேன். இந்தச் சண்டையைப் போர்க்களத்தில் எவரும் வென்று முடிக்கவில்லை. ஜகார்த்தாவில் அதிகாரம் சுகர்னோவின் கையிலிருந்து இராணுவத் தளபதி சுகார்த்தோவின் கைக்கு மாறியது, 1966 ஆகஸ்டில் உடன்படிக்கை கையெழுத்தானது, அவ்வளவுதான். எங்கே மூட்டப்பட்டதோ அங்கேதான் அணைந்தது.

இரண்டாம் நாள், திங்கள்

நம் ஊரில் ஒருவன் எமகாதகன் என்றால் "அவன் சரியான எம்டன்" என்போம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு பொழிந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது என்பதை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கப்பலின் மாலுமிகளில் சிலர் இந்த ஊரில், டங்லின் முகாமில், கைதிகளாக இருந்தார்கள் என்பதும், அவர்களைக் காவல் காத்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள் என்பதும் இங்கே வருவதற்காகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தன.

1915 பிப்ரவரி 15 அன்று, வட இந்திய முஸ்லிம் வீரர்களைக் கொண்ட 5ஆவது இலகுக் காலாட்படையில் ஒரு பகுதி கிளர்ந்தெழுந்தது. படைப்பிரிவு ஹாங்காங்குக்குப் புறப்பட வேண்டிய நேரம். ஆனால் தங்களைத் துருக்கிக் கலீபாவின் படையோடு மோத அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி வரிசைக்குள் பரவியிருந்தது. அதிகாரிகளுக்குள் பூசல் இருந்தது, பதவி உயர்வில் குறை இருந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இந்தியரின் கதர் ("கிளர்ச்சி") இயக்கத்தின் கருத்துகளும் கடல் தாண்டி வந்திருந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடக்குவதற்கு உள்ளூர்த் துருப்புகள் போதாமல், பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து மாலுமிகள் இறங்கினார்கள். பிறகு 47 சிப்பாய்கள் அவுட்ராம் சிறைச் சுவரோரம் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இன்று அவுட்ராமில் சிறையும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. ரயில் நிலையத்தின் நகரும் படிகளில் ஏறிவந்து, மருத்துவமனைக்குச் செல்லும் மக்களோடு சிறிது தூரம் நடந்தேன். இந்த ஒரு வாரக் கலகத்தில் எத்தனை நாடுகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை. இணையம் வந்த பிறகுதான் போர்கள் எல்லை தாண்டுகின்றன என்று சிலர் எழுதுகிறார்கள். கப்பலில் வந்த செய்தித்தாளும் முகாமில் பரவிய ஒரு பேச்சும் 110 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலையைச் செய்திருக்கின்றன.

மாலையில் கால் வலி. வேறெங்கும் போகவில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று நான் பார்த்ததைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகில் பெனின்சுலா பிளாசா என்ற பழைய வணிக வளாகம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எழுத்துகள் மாறிவிடுகின்றன. வட்ட வட்டமான பர்மிய எழுத்தில் பெயர்ப்பலகைகள், முகத்தில் அரைத்துப் பூசும் தனக்கா மரக்கட்டைகள், ஊறவைத்த தேயிலைப் பொட்டலங்கள், பணம் அனுப்பும் கடைகள். கீழ்த்தளத்தில் ஒரு மேசையில் அமர்ந்து மொஹிங்கா வாங்கிச் சாப்பிட்டேன். வாழைத்தண்டு போட்ட மீன் குழம்பில் அரிசிச் சேவை, மேலே பொரித்த பருப்பு வடைத் தூள். அப்பாவின் பெரியப்பா குடும்பம் 1964இல் ரங்கூனில் கடையை அரசிடம் பறிகொடுத்துவிட்டு, கையில் பெட்டியோடு சென்னைக்குக் கப்பலேறியது. அந்த வீட்டில் பெரியம்மா இதே குழம்பை வைப்பார்கள். நாங்கள் அதைப் பர்மாக் குழம்பு என்போம்.

மேசையைத் துடைக்க வந்த இளைஞரிடம், ஊர் எது என்று கேட்டேன். சகாயிங் பக்கம் என்றார். குடும்பம் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "கிராமத்தில் யாரும் இல்லை," என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

2021 பிப்ரவரி 1 அன்று மியன்மார் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அதன் பிறகு மூண்ட சண்டையை எல்லாச் செய்தித்தாள்களும் உள்நாட்டுப் போர் என்றே எழுதுகின்றன. மியன்மாருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, ஆட்சி பறிக்கப்பட்ட பின் குறைந்தது 100 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவற்றுக்கான உதிரிகளும் மூலப்பொருள்களும் அந்த இராணுவத்துக்குப் போயிருப்பதாகக் கணக்கிட்டது. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரில் பதிவான நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. இந்தியாவின் எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மற்றவர்களைச் சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் அரசு இவ்வணிகத்தை அனுமதித்ததாகவோ அதில் பங்கேற்றதாகவோ அந்த அறிக்கை சொல்லவில்லை. பிறகு எப்படி நடந்தது என்று இரவு அத்தானிடம் கேட்டேன். அத்தான் பதினெட்டு ஆண்டுகளாகக் கப்பல் சரக்கு ஆவணங்கள் பார்க்கிறார். சாப்பாட்டு மேசையில் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டார்.

"நீ நினைக்கிற மாதிரி துப்பாக்கிப் பெட்டி இங்கே வந்து இறங்காது. கம்பெனி இங்கே இருக்கும், சரக்கு வேறொரு நாட்டிலிருந்து கிளம்பி நேரே அங்கே போகும், இன்வாய்ஸும் பணமும் மட்டும் இந்த ஊர் வழியாகப் போகும். சரக்குச் சீட்டில் 'பம்ப்' என்றோ 'எலக்ட்ரானிக் உதிரி' என்றோ எழுதியிருக்கும். அது தண்ணீர் இறைக்கவும் ஆகும், வேறு வேலைக்கும் ஆகும். கடைசியில் யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு சான்று கேட்போம். அதில் ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பதை இந்த மேசையிலிருந்து எப்படிப் பார்ப்பது?"

அந்தத் தாளை நான் மடித்து வைத்துக்கொண்டேன். என் மாணவிக்குக் காட்ட வேண்டியது அதுதான்.

கதை அங்கே முடியவில்லை. அறிக்கை வந்த பிறகு சிங்கப்பூர் அரசு விசாரணையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆண்ட்ரூஸ் வெளியிட்ட இன்னோர் அறிக்கையின்படி, சிங்கப்பூர் வழியாகச் சென்ற இத்தகைய சரக்கின் மதிப்பு ஏறத்தாழ ஒரு கோடி டாலராகச் சுருங்கியது. இராணுவம் வெளியிலிருந்து வாங்கியதன் மொத்த மதிப்பும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஆண்டில் தாய்லாந்து நிறுவனங்கள் வழியாகச் சென்றது ஏறக்குறைய இரு மடங்கானது. தண்ணீர் பள்ளத்தைத் தேடிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் படிப்பவர் மகிழ்ந்துபோவார், இரண்டாவதை மட்டும் படிப்பவர் கைவிட்டுவிடுவார்.

மியன்மாரின் மறுபக்க எல்லையில் மணிப்பூரின் மோரே இருக்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்களில் சிலர், தரைவழியே பர்மாவுக்கே திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேசுவரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அங்கே உண்டு. எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வரும் வழக்கம் அவர்களுடைய வியாபாரத்துக்கு உயிராக இருந்தது. மியன்மார்ச் சண்டையிலிருந்து தப்பி மக்கள் அவ்வழியே வந்தார்கள். யார் அகதி, யார் அந்நியர் என்ற பேச்சு மணிப்பூரின் பழைய பகைகளோடு கலந்தது. 2023 மே 3 அன்று அங்கே மூண்ட வன்முறையில் மோரேவும் எரிந்தது. 2024 பிப்ரவரியில் அந்தத் தடையற்ற போக்குவரத்தை நிறுத்துவதாக இந்திய அரசு அறிவித்தது. ரங்கூனில் ஒரு முறை கடை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், அவர்கள் எந்தப் பக்கமும் சேராத ஒரு சண்டையில், மீண்டும் கடையைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்காம் நாள், புதன்

காலையில் மழை. பதினொரு மணிக்கு மேல் அக்காவோடு கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். அடிவானம் முழுக்கக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், சூயஸ் வழியைக் கைவிட்டுப் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன; பயணம் பத்து நாளோ அதற்கு மேலோ நீண்டது. கால அட்டவணை குலைந்து, 2024 மே, ஜூனில் இந்தத் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையில் நின்றன. அந்த மாதங்களில் அத்தான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனதாக அக்கா சொன்னாள். 2014இல் ஏமன் தலைநகர் சனா ஹூதிகளிடம் வீழ்ந்ததும், 2015இல் அவர்கள்மேல் சவூதி தலைமையில் விமானத் தாக்குதல் தொடங்கியதும், அவர்களுக்கு ஈரானின் ஆதரவும், காஸா போரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் செங்காங் வீடொன்றின் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டிருக்கின்றன. ஏமனில் பசியால் வாடும் குழந்தைகளை நினைத்தால் இது ஒரு துன்பமே இல்லை என்று அக்காவே சொன்னாள்.

இங்கிருந்து கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், பெத்ரா பிராங்கா என்ற பாறைத்தீவு இருக்கிறது. 1851இல் கட்டிய கலங்கரை விளக்கம் அதன்மேல் நிற்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதற்காகப் பல ஆண்டுகள் வழக்காடின. 2008 மே 23 அன்று தி ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் அது சிங்கப்பூருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. பக்கத்திலிருந்த நடுப்பாறைகள் மலேசியாவுக்குப் போயின. இரு தரப்பும் அப்போது ஏற்றன. அதே 2008இல், இரண்டே மாதங்களுக்குள், தாய்லாந்து-கம்போடிய எல்லையில் இருக்கும் பிரியா விஹியர் என்ற பழைய சிவன் கோயில் உலக மரபுச் சின்னமானபோது அங்கே படைகள் குவிந்தன. அந்தக் கோயில் கம்போடியாவுக்குரியது என்று அதே நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது. கேள்வி, பிரெஞ்சுக்காரர்கள் 1907இல் வரைந்த வரைபடத்தின் கோடு கோயிலைச் சுற்றியுள்ள நிலத்தில் எங்கே ஓடுகிறது என்பதுதான். 2025 ஜூலை 24 தொடங்கி ஐந்து நாள் பீரங்கியும் ராக்கெட்டும் விமானமும் அந்த எல்லை நெடுகப் பேசின. லட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். மலேசியாவின் புத்ராஜெயாவில் பேசி அப்போதைக்கு நிறுத்தினார்கள்.

ஒரே நீதிமன்றம், ஓர் இடத்தில் தீர்ப்புக்குப் பின் சண்டை மூளவில்லை, இன்னோர் இடத்தில் மூண்டது. இங்கே பாறையில் மனிதர் குடியில்லை, அங்கே எல்லையோரம் ஊர்கள் இருக்கின்றன என்பது ஒரு வேறுபாடு. ஆனால் அதைவிடப் பெரிய வேறுபாடு, இங்கே இரு அரசுகளும் தோற்றால் ஏற்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு நீதிமன்றம் போனதுதான் என்று நினைக்கிறேன். அங்கே அந்தக் கோடு, ஒவ்வொரு முறை உள்ளூர் அரசியல் தடுமாறும்போதும் எடுத்து வீசத் தயாராக இருந்தது. சண்டை மூள்வதற்கு முந்தைய மாதம், அன்றைய தாய்லாந்துப் பிரதமர் கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு பேசிய தொலைபேசி உரையாடல் வெளியாகி, தாய்லாந்துப் பிரதமரின் ஆட்சியே ஆட்டம் கண்டது.

ஐந்தாம் நாள், வியாழன்

சிலோன் சாலையில் இருக்கும் செண்பக விநாயகர் கோயிலை இலங்கைத் தமிழர்கள் கட்டினார்கள். காலைப் பூசை முடிந்து அன்னதானக் கூடத்தில் அமர்ந்திருந்தபோது, எண்பது வயதுக்கு மேற்பட்ட ஐயா ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். வேதாரண்யம் என்றேன். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் கரைக்கு இரவில் படகுகள் வரும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். 1983 ஜூலைக்குப் பிறகு அகதிகள் வந்தார்கள், அவர்களோடு இயக்கப் பையன்களும் வந்தார்கள். டீசல் பீப்பாய்கள் சவுக்குத் தோப்பில் அடுக்கியிருக்கும். காலில் கட்டுப் போட்ட ஒரு பையன் எங்கள் திண்ணையில் படுத்திருந்தான், அம்மா அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள். இந்திய அரசே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது என்பது அப்போது ஊரறிந்த ரகசியம், இப்போது வரலாறு. 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1981இல் யாழ்ப்பாண நூலகத்துக்கு வைத்த தீ, 1983இன் கொலைகள் ஆகியவை அந்த மண்ணிலேயே விளைந்தவை. அநியாயத்தின் வேர் அங்கேதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நீண்ட போராகியதற்கு எங்கள் சவுக்குத் தோப்பும் ஒரு காரணம். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பின் அமைதி காக்கப் போன இந்தியப் படை, அதே பையன்களில் ஒரு பிரிவான விடுதலைப் புலிகளோடு போரிட்டு, ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து 1990இல் திரும்பியது. தமிழ்மக்களும் அந்தப் படையின் கையில் இறந்தார்கள். அண்டை நாடு ஊட்டி வளர்த்த ஆயுதம், ஊட்டிய கைக்குக் கட்டுப்பட்டு நின்றதை நான் எந்த வரலாற்றிலும் படித்ததில்லை.

ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளில் வேலைக்காக இங்கே வந்தவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

"எண்பத்துமூண்டில கொழும்பில என்ர தமையன்ர கடையை எரிச்சுப் போட்டாங்கள், பிள்ளை. பிறகு கொஞ்சப் பேர் வந்து காசு கேட்டவை. மருந்துக்கும் அகதிப் பிள்ளையளின்ர படிப்புக்கும் எண்டு கேட்டவை. நானும் குடுத்தனான். அதில எவ்வளவு மருந்தாப் போனது, எவ்வளவு வேற வழியாலை போனது எண்டு ஆருக்குத் தெரியும்? குடுக்கேலாது எண்டு சொல்ல அப்ப எனக்கு மனம் வரேல்லை."

உலகெங்கும் சிதறிய தமிழரின் காசும், கப்பல்களும், அடுத்த கரையின் ஆதரவும் இருந்தவரை அந்தப் போர் நீண்டது. 2001 தொடங்கி பிரிட்டனும் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அடுத்தடுத்துப் புலிகளுக்குத் தடை விதித்தன. 2007இல் இலங்கைக் கடற்படை வெகுதொலைவு நடுக்கடலில் புலிகளின் ஆயுதக் கப்பல்களை மூழ்கடித்தது. வழிகள் அடைபட்ட இரண்டு ஆண்டுகளில், 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் அது முடிந்த விதத்தில் மக்கள்தான் நசுங்கினார்கள். வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் குறையும் என்று மூன்றாம் நாள் எழுதியதை நான் மாற்றவில்லை. ஆனால் அடைபட்ட வழிக்குள் சிக்கியவர்களை வெளியே கொண்டுவர எவரும் வரவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

ஐயாவின் தமக்கை மகன் 1985இல் கோடியக்கரைக்குப் படகேறியவனாம். அதன் பிறகு தகவல் இல்லை. எங்கள் திண்ணையில் படுத்திருந்த பையனின் பெயர் என்ன என்று இரண்டு முறை கேட்டார். அம்மா அவனைத் தம்பி என்று மட்டுமே கூப்பிட்டாள், பெயர் எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்கட கரையில நிண்டு பார்த்தால் எங்கட பக்கத்து வெளிச்சம் தெரியுமோ?"

வெளிச்சம் தெரியாது, ஐயா, சில இரவுகளில் சத்தம் கேட்கும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, திருநீற்றுப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.